கொஞ்சம் தள்ளு, நான் பாக்கேன்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தில் இவரை உங்களால் கண்டுபிடிக்க முடியாது. எல்லாரையும் போலத்தான் சட்டை, எல்லாரையும் போலத்தான் தோளில் பை. ஆனால் ஒரு கம்ப்யூட்டரும் அதன் முன்னால் விழித்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதரும் இருக்கிற இடத்தில் இவரைக் கொண்டுபோய் விட்டுப் பாருங்கள். கால்கள் தாமாகவே நடந்துபோய் நாற்காலிக்குப் பின்னால் நிற்கும். வலது கை நாற்காலியின் முதுகைப் பற்றும். தலை லேசாகச் சாயும். பிறகு அந்த வாக்கியம் வரும்.

"கொஞ்சம் தள்ளு, நான் பாக்கேன்."

செர்வர் இருக்கிற அலுவலகம் எதுவானாலும் இந்த இனத்தில் ஒருவராவது இருந்தே தீருவார். செர்வர் என்றதும் பயந்துவிடாதீர்கள். மற்றக் கம்ப்யூட்டர்களெல்லாம் அது கொடு, இது கொடு என்று கேட்டுக்கொண்டிருக்க, ஏதோ ஒரு மூலையில் முனகியபடி எல்லாருக்கும் பரிமாறிக்கொண்டிருக்கும் ஒரு பெட்டி, அவ்வளவுதான். கல்யாண வீட்டுச் சமையற்கட்டைப் போல, நன்றாக நடக்கிறவரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. நின்றுபோனால் நினைவு வரும். அதைவிட முக்கியமாக, நம் ஆள் இருக்கையிலிருந்து எழுந்திருப்பார்.

இந்த இனத்துக்கு நல்ல உதாரணம் பார்க்க வேண்டுமா? பழவங்காடியில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே, மாடியில் இருக்கும் அலுவலகத்துக்கு வாருங்கள். ஆஸ்பத்திரி, கல்லூரி, லாட்ஜ் என்று, சொந்தமாக செர்வர் வாங்கி வைத்துவிட்டு அதைக் கவனிக்க ஆள் வைக்காதவர்களுக்கெல்லாம், இருந்த இடத்திலிருந்தே கவனித்துக் கொடுப்பது இவர்கள் தொழில். நம் உதாரண புருஷரின் பெயர் கோலப்பன். நாஞ்சில்நாட்டுக்காரர், திருவனந்தபுரத்துக்கு வந்து வெகுகாலமாகிறது. தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பார். மலையாளத்தில் தொடங்கினால் இங்கிலீஷில் முடிப்பார். 'தெரியாது' என்ற சொல் மட்டும் மூன்றிலும் வராது.

டாக்டர் என்றால் நாக்கை நீட்டச் சொல்வார். கோலப்பனுக்கு அந்தச் சிரமமெல்லாம் வேண்டாம். "அண்ணே, இந்த மெஷின் காலையிலேருந்து" என்று நீங்கள் ஆரம்பித்ததுமே அவருக்கு நோய் புரிந்துவிடும். டிஸ்க் நிறைந்திருக்கும் என்பார். இல்லாவிட்டால் மெமரி போதாது என்பார். அதுவும் இல்லாவிட்டால் அணைத்துப் போடச் சொல்வார். இந்த நோய்க்கு இந்த மருந்து என்ற கட்டுப்பாடு கிடையாது; அன்றைக்கு வாயில் எது முதலில் வருகிறதோ அது. இதில் வேதனை என்னவென்றால், பாதி நாள் அது சரியாகவும் இருந்துவிடும். குருட்டாம்போக்கில் எறிந்த கல்லுக்கும் மாங்காய் விழத்தான் செய்கிறது. விழுந்த மாங்காயைப் பற்றி அலுவலகம் முழுக்கப் பேசும். விழாத கற்களை யார் பொறுக்கி எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்?

செர்வர் எழுதிக் காட்டும் கோளாறுச் செய்திகளை அவர் படிப்பதில்லை. பாவம், தனக்கு எங்கே வலிக்கிறது என்று அதுவே சொல்கிறது: இன்ன ஃபைல், இன்ன வரி, இன்ன காரணம். மனிதர்களில்கூட இவ்வளவு ஒழுங்காக வலியைச் சொல்பவர்கள் குறைவு. கோலப்பனோ, முகத்துக்கு நேரே பறக்கும் கொசுவை விரட்டுவதுபோல் அதை மூடிவிட்டு, "அது சும்மா வரும், கேட்டியா" என்பார்.

பிறகு விரல்கள் ஓடத் தொடங்கும். ஓர் அமைப்பை மாற்றுவார், அது என்ன செய்தது என்று பாராமலே அடுத்ததை மாற்றுவார், ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை நிறுத்துவார், நின்றிருக்கும் ஒன்றைக் கிளப்புவார், இடையில் எந்த நாட்டிலோ யாரோ வேறு நோய்க்கு எழுதி இணையத்தில் போட்ட மருந்தை எடுத்து ஒட்டுவார், ஏசியை அணைக்கச் சொல்வார், மறுபடி போடச் சொல்வார், கடைசியில் எப்படியோ செர்வர் கண் விழித்துவிடும். எது குணப்படுத்தியது? அவருக்கும் தெரியாது, செர்வருக்கும் தெரியாது. ஆகவே அடுத்த தடவையும் எல்லாவற்றையும் அதே வரிசையில் செய்தாக வேண்டும். அலுவலகத்தின் சொந்த செர்வரை அணைத்துப் போடும்போது இன்றைக்கும் அங்கே ஏசியை நிறுத்தி வைக்கிறார்கள். ஏன் என்று கேட்ட அனூப்புக்கு, அங்கே வேலை பார்க்கும் இளைஞன் அவன், "அது அப்படியாக்கும்" என்று பதில் கிடைத்தது. சம்பிரதாயங்கள் வேறு எப்படிப் பிறக்கின்றன என்று நினைத்தீர்கள்?

யோசனை கேட்காதவர்களுக்கும் யோசனை சொல்வது அவருடைய தரும காரியம். ஒருவருக்கு ஒரு ஃபைலைத் திறக்க அனுமதி கிடைக்கவில்லையா? எல்லாருக்கும் எல்லா அனுமதியும் கொடுத்துவிடு. வீட்டுச் சாவி தொலைந்தால் கதவையே கழற்றிச் சுவரில் சாத்தி வைப்பது போன்ற வைத்தியம். எதையும் மாற்றுமுன் பழையதை நகல் எடுத்து வைக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். எடுத்தும் வைப்பார். பழசு, புதுப்பழசு, கடைசி, கடைசிக்கும் கடைசி, கோலப்பன்-தொடாதே என்று வரிசையாகக் கிடக்கும். இவற்றில் எது ஓடிக்கொண்டிருந்தது என்பதைக் கடவுள்தான் சொல்ல வேண்டும். அந்தக் கடவுளையும் அவர் குறைவில்லாமல் கவனித்து வருகிறார். பெரிய வேலை எதற்கும் முன்னால் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் அவர் மாடியேறியதில்லை. எடுத்த பேக்கப்பைவிட உடைத்த தேங்காய் அதிகம். எடுத்த பேக்கப்பையும் ஒருநாளாவது திரும்பப் போட்டு, அது ஓடுகிறதா என்று பார்த்ததில்லை. உடைத்த தேங்காயை யார் திரும்ப ஒட்டிப் பார்க்கிறார்கள்?

வேலை முடிந்ததும் அங்கே நிற்கமாட்டார். "இனி ஓடும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்க இறங்கிவிடுவார். ஓடுகிறதா என்று பார்ப்பது, தள்ளி உட்கார்ந்தவர் பாடு.

இதில் நீங்கள் கவனிக்கத் தவறிய ஒன்று உண்டு. இத்தனையையும் அவர் தம்முடைய நாற்காலியில் உட்கார்ந்து செய்வதில்லை. உங்கள் நாற்காலி. உங்கள் கீபோர்டு. உங்கள் பெயரில் லாகின் செய்து திறந்து வைத்த திரை. செர்வருக்கு முகம் பார்க்கத் தெரியாது. எந்தப் பெயரில் உள்ளே வந்தாரோ அந்தப் பெயரைத்தான் குறித்துக்கொள்ளும். சரியாகிவிட்டால், கோலப்பன் சரிசெய்தார். கெட்டுவிட்டால்? "இதை யாரு தொட்டது?" என்று முதலில் கேட்பவர் அவராகத்தான் இருப்பார். கள்ளமில்லாமல் கேட்பார். உண்மையிலேயே மறந்திருப்பார்.

இப்படித் தள்ளி உட்கார்ந்தவர்களில் ஒருத்திதான் திவ்யலட்சுமி. சாலைக் கடைத்தெருவில் மிளகு மொத்த வியாபாரம் செய்யும் திருநெல்வேலிக் குடும்பத்துப் பெண். கடையில் உட்காரச் சொன்ன அப்பாவிடம் சண்டைபோட்டு இந்த வேலைக்கு வந்தவள். அது அவளுடைய பயிற்சிக் காலம் முடிகிற வாரம். வேலையை நிரந்தரமாக்குவதா, நன்றி சொல்லி அனுப்புவதா என்று மேலாளர் வினீத் வெள்ளிக்கிழமை சொல்லியாக வேண்டும். அனுப்பிவிட்டால் மிளகு மூட்டைகள் காத்திருந்தன. அவளுடைய அப்பா கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மின்விசிறிகூட மாட்டி வைத்துவிட்டார்.

அந்த வாரம் புதன்கிழமை காலையில், அவள் பொறுப்பிலிருந்த வித்துரா ஆஸ்பத்திரியின் செர்வர் நொண்டத் தொடங்கியது. பொன்முடி போகிற வழியில் மலையடிவாரத்தில் இருக்கும் சின்னத் தனியார் ஆஸ்பத்திரி அது. தோட்டங்களில் வேலை செய்பவர்கள் மலையிலிருந்து இறங்கி வந்து மருந்து வாங்கிப் போகும் இடம். மருந்துக் கவுண்டரைப் பார்த்துக்கொள்ளும் ராகேல் போன் செய்து, நோயாளியின் பெயரைத் தட்டினால் திரையில் வர யுகமாகிறது என்றார். திவ்யலட்சுமி இங்கிருந்தபடியே அந்த செர்வருக்குள் நுழைந்தாள். கோளாறுச் செய்திகளைப் படித்தாள். ஆம், படித்தாள். செர்வர் தன் அன்றாடக் குறிப்புகளை எழுதி வைக்கும் ஒரு ஃபைல் ஊதிப்போய் இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டிருந்தது. அதைச் சுருக்கிவிட்டால் தீர்ந்தது. கீபோர்டுக்குக் கை போகிற நேரம், நாற்காலியின் முதுகு லேசாக அழுந்தியது.

"கொஞ்சம் தள்ளு மக்களே, நான் பாக்கேன்." நாஞ்சில்நாட்டில் சின்னவர் ஒரே ஒருவரானாலும் செல்லமாக 'மக்களே'தான்.

"கண்டுபிடிச்சிட்டேன் அண்ணே. ஒரு ஃபைல்தான்."

"அது கிடக்கட்டு. நீ தள்ளு."

தள்ளினாள். பயிற்சிக் காலத்தில் யார்தான் தள்ளமாட்டார்கள்?

கோலப்பன் கண்ணில் அந்த ஃபைல் படவில்லை. ஃபயர்வால்தான் பட்டது. ஒவ்வொரு செர்வரின் வாசலிலும் இந்தப் பெயரில் ஒரு காவல் உண்டு. இன்னாரை உள்ளே விடு, இன்னாரை விடாதே என்று அதற்கு விதிகள் எழுதி வைப்பார்கள். வித்துரா செர்வரின் விதிகள் பலர் பல சமயங்களில் எழுதியவை. பார்க்க அவ்வளவு லட்சணமாக இல்லை. "இதாக்கும் ஸ்லோவுக்குக் காரணம்" என்று தீர்ப்பளித்துவிட்டு, எல்லா விதிகளையும் துடைத்தெறிந்து புதிதாக எழுத உட்கார்ந்தார். முதல் விதி, யாரையும் உள்ளே விடாதே. இரண்டாவது, பழவங்காடி அலுவலகத்தை மட்டும் விடு. மூன்றாவது, மருந்துக் கவுண்டரை விடு. கணக்கு மனதில் தெளிவாக இருந்தது. தவிர, இளையவர்களுக்கு அவர் ஓயாமல் சொல்லும் யோசனை ஒன்று உண்டு: எதைச் செய்தாலும் நிரந்தரமாகச் செய், இல்லையென்றால் மெஷின் அணைந்து எழுந்ததும் மறந்துவிடும். ஆகவே முதல் விதியை எழுதிய கையோடு அதை நிரந்தரமாக்கினார். என்டரைத் தட்டினார்.

இரண்டாவது விதியை எழுதத் தொடங்கினார். திரையில் ஓர் எழுத்தும் விழவில்லை.

நெட்டு கொஞ்சம் ஸ்லோ என்றார். உள்ளே ஆள் இருப்பது தெரிந்தும் கதவைத் திறக்காத வீட்டில் காலிங்பெல்லை அழுத்துவதுபோல் என்டரைத் திரும்பத் திரும்ப அழுத்தினார். காவல்காரன் சொன்னதைச் சொன்னபடி செய்துகொண்டிருந்தான். யாரையும் விடாதே என்றால் யாரையும்தான். சொன்னவர் மட்டும் என்ன விதிவிலக்கா?

பக்கத்து மேசையிலிருந்து அனூப் எட்டிப் பார்த்தான். "சேட்டா, நம்மளையும் சேர்த்துப் பூட்டியோ?"

அந்தப் பக்கம் யாரோ கேபிளைப் பிடுங்கியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுக் கோலப்பன் டீ குடிக்க இறங்கினார்.

அவர் படியிறங்கும் ஓசை அடங்குவதற்குள் ராகேல் மறுபடி கூப்பிட்டார். "மோளே, இப்போ ஸ்லோ அல்ல. ஒண்ணுமே இல்ல. எல்லா ஸ்க்ரீனும் நின்னு போயி. கியூ கேட் வரை ஆயி."

அணைத்துப் போடச் சொன்னாள் திவ்யலட்சுமி. ராகேல் அணைத்துப் போட்டார். செர்வர் புத்துணர்ச்சியோடு எழுந்து, யாரையும் உள்ளே விடக்கூடாது என்பதை எழுத்துப் பிசகாமல் நினைவு வைத்திருந்தது. நிரந்தரம் என்றால் நிரந்தரம்.

வினீத் அறையிலிருந்து வெளியே வந்தார். வயதில் கோலப்பனுக்கு இளையவர். கோபம் வந்தால் குரல் தாழ்கிற ரகம். வித்துரா செர்வருக்குள் கடைசியாகப் போன பெயர் எது என்று முதலிலேயே பார்த்துவிட்டு வந்திருந்தார். அது திவ்யலட்சுமியின் பெயர். அந்த நேரம் பார்த்துக் கோலப்பனும் டீ குடித்த தெம்போடு மேலே வந்து, "இதை யாரு தொட்டது?" என்று பொதுவாக விசாரித்தார். தான் எழுந்து இடம் விட்டதை அவள் சொல்லிப் பார்த்தாள். அனூப்பும் ஆமாம் என்றான். வினீத் கேட்டுக்கொண்டார், பிறகு, உன் லாகினில் நடந்ததற்கு நீதான் பொறுப்பு, முதல் நாளே சொல்லித்தந்த பாடம் அது என்றார். வித்துராவில் இருந்த பெட்டிக்குத் திரையும் கிடையாது, கீபோர்டும் கிடையாது. இரண்டையும் எடுத்துக்கொண்டு இப்போதே கிளம்பு, துணைக்குக் கோலப்பன் சேட்டனும் வருவார், மற்றதை வெள்ளிக்கிழமை பேசுவோம் என்றார். அந்த 'மற்றது' என்ன என்று அவளுக்குத் தெரியும். அதில் மிளகு மணந்தது.

போர்வையில் சுற்றிய மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு, கீபோர்டைக் கைக்குழந்தையைப் போல் அணைத்துக்கொண்டு அவள் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். கோலப்பன் வெறுங்கையோடு வந்தார். ஆனால் சும்மா வரவில்லை. செர்வர்கள் குறித்த யோசனைகளைப் பேரூர்க்கடையில் ஆரம்பித்தார். நெடுமங்காட்டில் கண்டக்டரின் டிக்கெட் மெஷின் முரண்டு பிடித்தபோது, கொஞ்சம் தாருங்கள், நான் பார்க்கிறேன் என்று இருக்கையிலிருந்து பாதி எழுந்துவிட்டார். கண்டக்டர் அனுபவஸ்தர். மெஷினை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

மலை கண்ணில் தெரியத் தொடங்கியதும் கோலப்பனின் மனம் இளகியது. "வெசனப்படாதே மக்களே. சின்ன வயசுல எல்லாருக்கும் கை தவறும். இதெல்லாம் ஒரு அனுபவமாக்கும்" என்றார். அதற்குள், செய்தது அவள்தான் என்று அவரே நம்பியிருந்தார். அவள் மானிட்டரை மடியில் சரியாக இருத்திக்கொண்டாள். கோபமா என்றால் இல்லை. அவள் இந்த இனத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் கூட்டம் நிஜமாகவே கேட் வரை நின்றது. ராகேல் ஒவ்வொரு சீட்டையும் கையால் எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் உள்ளறையைக் காட்டினார். அங்கே மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே செர்வர் இருந்தது. உட்கார ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. முதுகில்லாத ஸ்டூல். திவ்யலட்சுமி மானிட்டரை மாட்டி உட்கார்ந்ததும் கோலப்பன் வழக்கம்போல் பின்னால் வந்து கையை நீட்டினார். பிடிப்பதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. காற்றில் கொஞ்சம் துழாவிவிட்டு அந்தக் கை அவருடைய பாக்கெட்டுக்கே திரும்பியது. தள்ளச் சொல்ல வாய் திறந்தவருக்கு, பிடிமானம் இல்லாததால் வாக்கியமும் வரவில்லை.

அவள் முதலில் அலுவலகத்தை உள்ளே விட்டாள். அடுத்து மருந்துக் கவுண்டரை விட்டாள். பிறகு அந்த ஊதிப்போன ஃபைலைச் சுருக்கினாள். ஒவ்வொன்றையும் செய்துவிட்டு, என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டே அடுத்ததைத் தொட்டாள். வெளியே ராகேல், திரையில் பெயர்கள் வந்துவிட்டதைப் பார்த்து, "வந்நு" என்றார். வரிசை நகரத் தொடங்கியது.

உடனே வினீத்தின் போன். திவ்யலட்சுமி அதை ஸ்பீக்கரில் போட்டுக் கோலப்பனுக்கும் கேட்கும்படி செர்வரின் மேலேயே வைத்தாள்.

ஓடத் தொடங்கியதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் வினீத்தின் குரல் இன்னும் தாழ்ந்தது. "அப்போ இனி சொல்லு. இத்தனை மடத்தனம் ஆராவது செய்யுமோ? தன்னையே வெளியே வச்சுப் பூட்டுற ஒரு ரூல்."

"ஆமா சார். விஷயம் தெரியாத ஆள் எழுதுன ரூல்தான் அது" என்றாள் அவள், மிகப் பணிவாக. "வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்துல இருக்கிறவங்ககூட இப்படி எழுதமாட்டாங்க."

கோலப்பன் கனைத்தார். அந்த ரூலுக்கு அப்படி என்ன குறை என்று கேட்டார்.

"சேட்டன் அவளைக் காப்பாத்த வேண்டா" என்றார் வினீத்.

"காப்பாத்தவா?" கோலப்பனின் முகம் சிவந்துவிட்டது. "வினீதே, அது நான் எழுதுன ரூலாக்கும். காலையிலேருந்து இந்த ஜில்லாவிலேயே பத்திரமான செர்வர் இதுதான், தெரியுமா? ஒருத்தன் உள்ள போகலை. நானே போக முடியலை. இந்தப் பிள்ளைக்கு அப்படி ஒண்ணு எழுத வருமா?"



"இல்ல. அவளுக்கு வராது" என்றார் வினீத். பிறகு, "திவ்யா, வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டா. வேலை உனக்குத்தான். ஒண்ணு மட்டும். இனி ஆர் சொன்னாலும் எழுந்து கொடுக்காதே."

கோலப்பன் திருந்தினாரா என்று கேட்கிறீர்கள். அவர் திருந்த என்ன இருக்கிறது? மறுநாள் காலையில் அவரே அனூப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்: அடுத்தவனைப் பூட்டுமுன் நாம் உள்ளே போக ஒரு வழி வைத்துக்கொள்ள வேண்டும், இதை வித்துராவில் வைத்துத் திவ்யலட்சுமிக்கு நேரிலேயே சொல்லிக்கொடுத்தாராம். அன்றிலிருந்து அது அவருடைய யோசனைகளில் தலையாயதாகிவிட்டது. நல்ல யோசனைதான். அவரிடமிருந்து வந்தது என்பதற்காக அதை ஒதுக்கிவிடாதீர்கள்.

கடைசியாக, இந்த இனத்தின் முக்கியமான அடையாளம் ஒன்றை இன்னும் சொல்லவில்லை. இவர்களுக்குத் தங்களைக் கண்டால் அடையாளம் தெரியாது. இப்படி ஒரு கட்டுரையைக் கொடுத்தால் முதல் வரியிலிருந்து ரசித்துச் சிரிப்பார்கள். பாதியிலேயே வேறு ஒருவர் முகம் நினைவுக்கு வந்துவிடும். அப்படியே உரித்து வைத்திருக்கிறது என்பார்கள்.

உங்களுக்கு இப்போது யார் முகம் நினைவுக்கு வந்தது? சித்தப்பாவா? மேலதிகாரியா? எதிர்வீட்டுக்காரரா? அவருக்கு இதை அனுப்பலாமே என்று தோன்றுகிறதல்லவா? தாராளமாக அனுப்புங்கள். ஆனால் அனுப்புமுன் உங்கள் போனை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இதையே அவர் உங்களுக்கு அனுப்பியது வந்து சேர்ந்திருக்கும்.